ஒரு சாய்ந்த எழுத்தும் அதன் சொந்தக்காரர்களும்



இந்த முறை ஓர் எழுத்தின் கதை. எழுத்து என்றால் இலக்கியம் இல்லை. அச்சில் விழுகிற எழுத்தின் உருவம்.

செக்கச் சிவந்த நீளப் பட்டை. அதன் நடுவே வெள்ளையில், தடித்து, வலப்புறம் சாய்ந்த ஆங்கில எழுத்துகளில் 'சுப்ரீம்' என்று ஒரே ஒரு சொல். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பனியனிலும் தொப்பியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைப்பது அசல் இல்லை என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். அசலுக்குச் சொந்தமான நிறுவனம் 2020-இல் 210 கோடி டாலருக்குக் கைமாறியது. சரக்கும் கடைகளும் சேர்த்துத்தான் அந்த விலை. ஆனால் அந்தச் சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டால் வெறும் பனியனுக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள்?

கம்பாசிட்டராகச் சேர்ந்து புரூஃப் ரீடராக ஓய்வு பெற்றவன் நான். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு வேறொரு கேள்விதான் எழுந்தது. அந்த எழுத்தைச் செய்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது? தேடிப் போனதில் கதை ஐந்நூறு வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அந்த எழுத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதில் மூன்று குணங்கள் இருக்கின்றன. ஒன்று, சாய்வு. அச்சகத்தில் இட்டாலிக் என்போம். இரண்டு, தடிப்பு, அதாவது போல்டு. மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆங்கிலச் செய்தித்தாளில் செய்தி எழுத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தின் காலிலும் தலையிலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும், வேட்டிக்குக் கரை மாதிரி. அதற்கு செரிஃப் என்று பெயர். அந்தக் கரை இல்லாத மொட்டை எழுத்துக்கு சான்ஸ் செரிஃப் என்று பெயர். 'சான்ஸ்' என்றால் ஃபிரெஞ்சில் 'இல்லாமல்'.

இன்று இந்த மூன்றையும் கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று தட்டலில் சேர்த்துவிடலாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை.

சாய்வு பிறந்தது வெனிஸ் நகரில். ஆல்டஸ் மனூசியஸ் என்ற பதிப்பாளர் 1501-இல் லத்தீன் கவி வர்ஜிலின் நூலைத் தாளை எட்டாக மடித்த கைக்கடக்கமான அளவில் வெளியிட்டார். முழுப் புத்தகமும் சாய்ந்த எழுத்தில் இருந்தது. அன்றைய இத்தாலியப் படிப்பாளிகள் வேகமாக எழுதும்போது வருகிற கையெழுத்தின் நடையை அப்படியே ஈயத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் சின்ன எழுத்துகள் மட்டுமே சாய்ந்திருந்தன. பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. சாய்வெழுத்து சத்தம் போடப் பிறந்ததில்லை. கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்கப் பிறந்தது.

அதைச் செதுக்கியவர் பொலோனியாவைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. செதுக்குவது என்றால் என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றி, அரமும் உளியும் கொண்டு செதுக்க வேண்டும். இதற்குப் பஞ்ச் என்று பெயர். அதைச் செம்புத் துண்டில் ஓங்கி அடித்தால் பள்ளமாக எழுத்து விழும். அந்தப் பள்ளத்தில் காய்ச்சிய ஈயக் கலவையை ஊற்றினால் ஒரு டைப் கிடைக்கும். நாங்கள் கேஸிலிருந்து பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கிய ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் இப்படி எங்கோ ஒருவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செதுக்கிய பஞ்ச் ஒன்று இருந்தது.

அந்த வர்ஜில் நூலின் தொடக்கத்தில் ஆல்டஸ் சில வரிகளில் கிரிஃபோவைப் பாராட்டியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெனிஸ் அரசிடம் அந்த எழுத்துக்கு உரிமைச் சாசனம் வாங்கியபோது ஆல்டஸ் அதைத் தன் பெயரில்தான் வாங்கினார். தான் செதுக்கிய எழுத்தைத் தானே வேறொருவருக்குச் செய்து கொடுக்க முடியாத நிலை கிரிஃபோவுக்கு. அவர் வெனிஸை விட்டு வெளியேறி, சொன்சீனோ என்ற வேறொரு அச்சாளரிடம் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாய்வெழுத்தை உண்மையில் படைத்தவர் கிரிஃபோதான், புகழ் வேறொருவருக்குப் போய்விட்டது என்று 1503-இல் சொன்சீனோ தன் நூலிலேயே அச்சடித்துப் போட்டார்.

சாசனம் ஆல்டஸுக்காவது உதவியதா என்றால் அதுவும் இல்லை. ஃபிரான்ஸில் லியோன் நகர அச்சாளர்கள் அவருடைய எழுத்தையும் புத்தகங்களையும் அப்படியே நகலெடுத்து விற்றார்கள். ஆல்டஸ் 1503-இல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். லியோன் பதிப்புகளில் தாள் மட்டம், இன்னின்ன இடத்தில் பிழை என்று பட்டியலே போட்டார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்துத் தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்! காசில்லாமல் புரூஃப் பார்த்துக் கொடுத்த ஒரே பதிப்பாளர் உலகத்தில் ஆல்டஸ்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அடுத்தது மொட்டை எழுத்து. கிரேக்கக் கல்வெட்டுகளில் கரையில்லாத எழுத்து உண்டு. ஆனால் அச்சு எழுத்தாக அது முதலில் தலைகாட்டியது 1816-இல், லண்டனில், நான்காம் வில்லியம் காஸ்லானின் மாதிரிப் புத்தகத்தில். பெரிய எழுத்துகள் மட்டும்தான். 'எகிப்தியன்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். வின்சென்ட் ஃபிகின்ஸ் என்பவர் 1832-இல் 'சான்ஸ் செரிஃப்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். வில்லியம் தோரோகுட் 1834-இல் சின்ன எழுத்தையும் சேர்த்து வெளியிட்டபோது 'குரோட்டெஸ்க்' என்று பெயர் வைத்தார். விகாரமானது, கோரமானது என்று பொருள். செய்து விற்கிறவரே சரக்குக்கு வைத்த பெயர் அது. ஜெர்மனியில் இன்றும் அந்த வகை எழுத்துக்கு குரோட்டெஸ்க் என்றுதான் பெயர்.

அந்தக் காலத்து லண்டனை நினைத்துப் பாருங்கள். நீராவி இயந்திரம், புதுப்புதுத் தொழிற்சாலைகள், நாடகக் கொட்டகைகள், லாட்டரிச் சீட்டு. விற்க வேண்டிய சரக்கு பெருகியபோது சுவரெல்லாம் நோட்டீஸ் ஏறியது. புத்தக எழுத்தைப் பெரிதாக்கி ஒட்டினால் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியாது. அதனால் எழுத்து பருத்தது. ஈயத்தில் அவ்வளவு பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது என்று மரத்துக்குப் போனார்கள். நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827-இல் மர எழுத்தை இயந்திரத்தால் குடைந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம்மூரில் சினிமா, சர்க்கஸ், பொதுக்கூட்டச் சுவரொட்டி அடித்த அச்சகங்களில் எண்ணெய் ஊறிக் கறுத்த மர எழுத்துகளை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றின் மூதாதை அங்கேதான்.

தடிப்புக்கும் ஒரு சொந்தக்காரர் வந்தார். லண்டன் ஃபேன் தெரு வார்ப்படச் சாலையின் ராபர்ட் பெஸ்லி 1845-இல் 'கிளாரெண்டன்' என்ற தடித்த எழுத்தைக் கொண்டுவந்தார். ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் அதுவரை சாய்வெழுத்தில் போடுவார்கள். வரிக்குள்ளேயே தடித்த எழுத்தைப் போட்டு அழுத்தம் காட்டும் பழக்கம் பரவியது கிளாரெண்டனுக்குப் பிறகுதான். அகராதியில் தலைச்சொல் தடிப்பாக இருக்கிறதே, அந்த ஏற்பாடு இதன் வழி வந்தது. பெஸ்லி அந்த வடிவத்தைச் சட்டப்படி பதிவு செய்தார். பாதுகாப்பு மூன்றே வருடம். அது முடிந்ததும் மற்ற வார்ப்படக்காரர்கள் அத்தனை பேரும் சொந்தக் கிளாரெண்டன் செய்துகொண்டார்கள்.

இந்த மூன்று குணமும் ஒரே எழுத்தில் சேர்ந்தால் என்ன ஆகிறது? மொட்டை எழுத்து அலங்காரமில்லாமல் நேராகப் பேசுகிறது. தடிப்பு குரலை உயர்த்துகிறது. சாய்வு ஓட வைக்கிறது. நிற்கிற மனிதன் நேராக நிற்பான். ஓடுகிறவன் முன்னால் சாய்வான். நம் பக்கம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர் எழுதிய பெயிண்டர்கள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனாலும் 'எக்ஸ்பிரஸ்' என்று எழுத வேண்டுமானால் கை தானாகச் சாய்த்து எழுதும். வால்பகுதியில் இரண்டு கோடும் இழுத்துவிடுவார்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தமிழ் அச்சு எழுத்தில் சாய்வு என்பது எங்கள் அச்சகத்துக் கேஸ்களில் இருந்ததே இல்லை. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் தடித்த எழுத்து, இல்லாவிட்டால் மேற்கோள் குறி. இப்போது கம்ப்யூட்டர் எந்தத் தமிழ் எழுத்தையும் ஒரு தட்டலில் சாய்த்துவிடுகிறது. 'ண', 'ழ' போன்ற எழுத்துகளைச் சாய்த்துப் பாருங்கள். வளைவு ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் நசுங்கித் தெரியும். ஆங்கிலத்துக்கும் இதே கதிதான். வட்டத்தைச் சும்மா தள்ளிச் சாய்த்தால் கோட்டின் கனம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். நல்ல கைவேலைக்காரர் சாய்த்த பிறகு ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துவார்.

அப்படிப்பட்ட ஒரு கைவேலைக்காரரிடம்தான் இப்போது வருகிறோம். பவுல் ரென்னர், ஜெர்மானியர், 1878-இல் பிறந்தவர். ஓவியம் படித்து, புத்தக வடிவமைப்பில் இறங்கியவர். ஃபிராங்க்பர்ட்டின் பாவர் வார்ப்படச் சாலைக்காக அவர் உருவாக்கிய 'ஃபியூச்சுரா' 1927-இல் வெளிவந்தது. எதிர்காலம் என்று பொருள். வட்டம், முக்கோணம், நேர்கோடு, இவற்றை வைத்தே கட்டியது போல இருக்கும். காம்பஸும் ஸ்கேலும் இருந்தால் நாமே போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும் சங்கதி. வளைவு தண்டைத் தொடும் இடத்தில் மை தேங்கிக் கறுப்பாகத் தெரியக் கூடாது என்று அங்கே கோட்டை மெலிய விட்டிருப்பார். கணக்குக்குச் சரியாக இருப்பது கண்ணுக்குச் சரியாக இருக்காது. ரென்னர் கண் பக்கம் நின்றார்.

வெவ்வேறு தடிப்புகளும், 1930 முதல் சாய்ந்த வடிவங்களும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. அவற்றுக்கு இட்டாலிக் என்று பெயர் வைக்கவில்லை, 'சாய்வு' என்றே ஜெர்மனில் வைத்தார்கள். நியாயமான பெயர்தான். கிரிஃபோவின் எழுத்து கையெழுத்திலிருந்து வந்தது, அதன் உருவமே வேறு. ஃபியூச்சுராவின் சாய்வில் உருவம் மாறவில்லை. அதே எழுத்து முன்னால் குனிகிறது, அவ்வளவுதான். பிற்காலத்தில் சிவப்புப் பட்டையில் ஏறப்போவது இந்தக் குடும்பத்தின் தடித்த சாய்வுதான்.

எதிர்காலம் என்று பெயர் வைத்தவருக்குச் சொந்த எதிர்காலம் நன்றாக அமையவில்லை. ரென்னர் அப்போது மியூனிக்கில் அச்சுத் தொழில் பள்ளியின் தலைவர். நாஜிகள் புதுக் கலையை எல்லாம் 'பண்பாட்டு போல்ஷ்விசம்' என்று வசைபாடிக்கொண்டிருந்த நேரம். ரென்னர் 1932-இல் அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, நாஜிகளைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதினார். சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகரில் அது வெளியானது. மறு வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ரென்னர் வேலைக்குச் சேர்த்த ஆசிரியர் யான் சிகோல்டைத்தான் முதலில், மார்ச் மாதம், கைது செய்தார்கள். ஏப்ரலில் ரென்னரையும் கைது செய்தார்கள். சீக்கிரமே விட்டுவிட்டாலும் பதவி போய்விட்டது. சிகோல்ட் சுவிட்சர்லாந்துக்குப் போனார். ரென்னர் ஜெர்மனியிலேயே, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஒதுங்கி வாழ்ந்து 1956-இல் காலமானார்.

அந்த ஆட்சி எழுத்துக்கே சாதி சொன்ன ஆட்சி. ஃபிராக்டூர் என்கிற முறுக்கு முறுக்கான கோத்திக் எழுத்துதான் அசல் ஜெர்மானிய எழுத்து என்று முதலில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். பிறகு பிற நாடுகளைப் பிடித்தபோது அங்கேயுள்ளவர்களுக்கு அதைப் படிக்க முடியவில்லை. 1941 ஜனவரி 3-ஆம் தேதி மார்ட்டின் போர்மான் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கோத்திக் எழுத்து யூதர்களிடமிருந்து வந்தது, இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு. அந்தச் சுற்றறிக்கைத் தாளின் தலைப்பு அதே கோத்திக் எழுத்தில்தான் அச்சாகியிருந்தது.

ரென்னருக்கு வேலை போன காலத்திலும் ஃபியூச்சுரா விற்றுக்கொண்டுதான் இருந்தது. வெளிநாட்டிலும் நல்ல கிராக்கி. கிராக்கி இருந்தால் நகல் இருக்கும். அமெரிக்காவில் லட்லோ நிறுவனம் 1930-இல் 'டெம்போ' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மோனோடைப் நிறுவனம் 1937-இல் 'இருபதாம் நூற்றாண்டு' என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தது. 1939-இல் 'ஸ்பார்ட்டன்' வந்தது. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தது என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

இது திருட்டில்லையா என்றால், அமெரிக்கச் சட்டப்படி இல்லை. எழுத்தின் உருவத்துக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. 1978-இல் ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எழுத்து என்பது எல்லோரும் பயன்படுத்த வேண்டிய கருவி, அதன் உருவத்தை ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது என்பது அந்தப் பார்வை. பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அதனால்தான் நகல்களுக்கெல்லாம் வேறு பெயர். பின்னாளில் கம்ப்யூட்டர் எழுத்துருக் கோப்புக்கு மென்பொருள் என்ற வகையில் பாதுகாப்பு வந்தது. உருவத்துக்கு இன்றும் இல்லை.

ஃபியூச்சுரா எங்கெங்கோ போயிற்று. 1959-இல் ஃபோக்ஸ்வேகன் காரின் புகழ்பெற்ற அமெரிக்க விளம்பரங்கள் அந்த எழுத்தில் வந்தன. 1969-இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகமும் அந்த எழுத்துதான். நாஜிகளால் வேலை இழந்தவர் செய்த எழுத்து நிலவில் இருக்கிறது. அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி நியூயார்க். பார்பரா க்ரூகர், 1945-இல் பிறந்தவர். இளம் வயதில் 'மத்மாசெல்' என்ற பெண்கள் பத்திரிகையில் பக்க வடிவமைப்பாளராக இருந்தார். தலைப்பு எப்படிப் போட்டால் வாசகர் கை நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பிறகு கலைஞராக மாறியபோது அந்த வித்தையையே எடுத்துக்கொண்டு, அதை விளம்பரத்துக்கு எதிராகத் திருப்பினார். பழைய பத்திரிகைகளிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதன் மேல் சிவப்புப் பட்டை. அதில் ஃபியூச்சுராவின் தடித்த சாய்வெழுத்தில் முகத்தில் அறைகிற மாதிரி ஒரு வரி. 1987-இல் வந்தது 'நான் வாங்குகிறேன், அதனால் இருக்கிறேன்'. தத்துவ அறிஞர் தெக்கார்த்தின் வாசகத்தைக் கடைவீதிக்கு இழுத்து வந்த கேலி. 1989-இல் கருக்கலைப்பு உரிமைக்காக வாஷிங்டனில் பெண்கள் நடத்திய பேரணிக்காக 'உன் உடல் ஒரு போர்க்களம்' என்ற சுவரொட்டியைச் செய்தார். பொருளை விற்க உருவான உரத்த குரலை, விற்பவர்களைக் கேள்வி கேட்கப் பயன்படுத்தினார்.

1994-இல் அதே ஊரில் லாஃபாயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா என்பவர் சக்கரப் பலகை விளையாடும் இளைஞர்களுக்காகத் துணிக்கடை திறந்தார். அந்தக் கடைதான் 'சுப்ரீம்'. அடையாளமாகச் சிவப்புப் பட்டை, வெள்ளையில் ஃபியூச்சுரா தடித்த சாய்வு. க்ரூகரின் பாணியிலிருந்து எடுத்தது என்பது அந்தத் துறையில் ஊரறிந்த செய்தி. நுகர்வைக் கேலி செய்த எழுத்து, வரிசையில் நின்று வாங்கும் பொருளின் முத்திரையாகிவிட்டது.

க்ரூகர் வழக்குப் போடவில்லை. பல வருடம் எதுவுமே சொல்லவில்லை. 2013-இல்தான் கூத்து வந்தது. லியா மெக்ஸ்வீனி என்ற பெண் நடத்திய ஒரு சின்ன ஆடை நிறுவனம், 'சுப்ரீம்' என்ற சொல்லோடு பெண்களைத் திட்டும் ஒரு சொல்லைச் சேர்த்து, அதே சிவப்புப் பட்டையில் பனியன் போட்டு விற்றுக்கொண்டிருந்தது. ஆம்பிளைத்தனமான அந்த உலகத்தைக் கிண்டல் செய்யவே அப்படிச் செய்ததாக அவர் சொன்னார். அவர் அதை வணிக முத்திரையாகப் பதிவு செய்யப் போனதும், சுப்ரீம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அந்தப் பட்டையே கடன் வாங்கியது; அதை இன்னொருவர் கடன் வாங்கிவிட்டார் என்று வழக்கு!

ஒரு பத்திரிகை க்ரூகரிடம் கருத்துக் கேட்டது. இந்த மாதிரி அசட்டுக் கேலிக்கூத்தைப் பற்றித்தான் என் கலையே, இவர்கள் எல்லோரும் சேர்ந்து என் மேல் பதிப்புரிமை வழக்குப் போடுவதற்காகக் காத்திருக்கிறேன் என்ற பொருளில் அவர் பதில் அனுப்பினார். அந்தக் கோப்புக்கு அவர் வைத்த பெயர் 'முட்டாள்கள்'. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

க்ரூகரை மட்டும் நான் மேடையில் ஏற்றப் போவதில்லை. அவரும் பிறர் எடுத்த புகைப்படங்களின் மேல்தான் எழுதினார். தன் படத்தைப் பயன்படுத்திவிட்டார் என்று தாமஸ் ஹெப்கர் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். 2002-இல் தீர்ப்பு க்ரூகருக்குச் சாதகமாக வந்தது. சட்டம் ஒத்துக்கொண்டது, சரி. ஆனால் அந்தப் புகைப்படக்காரரின் மனத்தாங்கல் கிரிஃபோவின் மனத்தாங்கலிலிருந்து எந்த விதத்தில் வேறு?

இப்போது கணக்குப் பாருங்கள். எழுத்தைச் செதுக்கியவருக்கு, அதன் உருவத்தின் மேல் உரிமை கிடையாது. அதே எழுத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதி, பட்டை கட்டி, வணிக முத்திரையாகப் பதிவு செய்பவருக்கு உரிமை உண்டு. இதில் சட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. வணிக முத்திரை என்பது இந்தச் சரக்கு யாருடையது என்று வாங்குகிறவருக்குச் சொல்லும் அடையாளம். போலிக்காரன் ஏமாற்றாமல் இருக்க அது வேண்டும். புரிகிறது. ஆனாலும் 2020-இல் 210 கோடி டாலர், 2024-இல் மறுபடி கைமாறியபோது 150 கோடி டாலர் என்று படிக்கும்போது, ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடந்த ரென்னர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இது தூரதேசத்துக் கதை மட்டும் இல்லை. நான் வேலை பார்த்த நாட்களில் எங்களுக்குத் தலைப்பு எழுத்து வரைந்து கொடுக்க ஒருவர் வருவார். கடைப் பெயர், கல்யாணப் பத்திரிகையின் மேல்வரி, விசேஷ மலரின் முகப்பு, எதுவானாலும் இந்தியன் இங்க்கில் வரைந்து தருவார். அதைப் பிளாக் எடுத்து அடிப்போம். ஒரு கடைக்கு அவர் தடித்துச் சாய்ந்த எழுத்தில் பெயர் வரைந்தார். 'க' கொக்கி போட்டுத் திரும்பும் இடத்தை மட்டும் நாலு தரம் அழித்து அழித்து வரைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கூலி 15 ரூபாய். அந்தப் பெயர் பிறகு போர்டில் ஏறியது, பையில் ஏறியது, காலண்டரில் ஏறியது. கடை கைமாறியபோது பெயருக்கு என்று தனியாக விலை பேசினார்களாம். வரைந்தவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். யாரும் ஏமாற்றவில்லை. கேட்ட கூலியைக் கொடுத்தார்கள், அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த எழுத்து அவருடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட எங்கும் இல்லை.

எழுத்துக்குப் பட்டா போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிரிஃபோவின் சாய்வை ஊரெல்லாம் நகலெடுத்ததால்தான் அது உலகத்தின் சொத்தாயிற்று. கிளாரெண்டனின் மூன்று வருடம் முடிந்ததால்தான் எல்லா அகராதிக்கும் தடித்த தலைச்சொல் கிடைத்தது. உருவம் பொதுவாக இருப்பதே நல்லது, மொழி மாதிரி. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது குற்றமில்லை. எடுத்தவர் குடத்துக்கு முத்திரை போட்டுக்கொண்டு அடுத்தவரைத் துரத்தும்போதுதான், கிணற்றை வெட்டியவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

உரிமை கொடுக்க முடியாவிட்டாலும் பெயர் கொடுக்கலாம். மேல்நாட்டில் சில பதிப்பகங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'இந்த நூல் இன்ன எழுத்தில் கோக்கப்பட்டது, வடிவமைத்தவர் இன்னார்' என்று சிறு குறிப்புப் போடுகின்றன. நாலு வரி. செலவு ஒன்றும் இல்லை. நம் தமிழ்ப் புத்தகங்களில் அட்டைப் படம் வரைந்தவர் பெயர் போடுகிறோம், அச்சகத்தின் பெயர் போடுகிறோம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நம் கண் தடவிக்கொண்டே போகிற எழுத்தை வடிவமைத்தவர் பெயரையும் அந்த இடத்திலேயே ஒரு வரியில் போட்டுவிடலாம். புத்தகம் போடுகிற நண்பர்கள் சிலர் இதைப் படிப்பது எனக்குத் தெரியும். அடுத்த புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள்.